இசைத் தயாரிப்பில் புதியவர்கள் இசைக் கோட்பாட்டை எங்கிருந்து தொடங்க வேண்டும்?

புதுத்தாளம் (கேள்வி)

அனைவருக்கும் வணக்கம். கடந்த எட்டு மாதங்களாகக் கணினியில் இசை உருவாக்கப் பழகி வருகிறேன். டிரம்ஸ் லூப்களை ஓரளவு நன்றாக அமைக்க முடிகிறது. சிந்தசைசரில் மனத்தில் நினைத்த ஒலியை நெருங்கி வரவும் கற்றுக்கொண்டேன். ஆனால் கார்ட் (சேர்ந்து ஒலிக்கும் நோட்டுகள்), மெலடி (மெட்டு) என்று வந்துவிட்டால் கண்ணைக் கட்டிக்கொண்டு நடப்பது போலத்தான் இருக்கிறது. ஒரு நோட்டை வைத்துக் கேட்பேன், பிடிக்கவில்லை என்றால் மேலேயோ கீழேயோ நகர்த்துவேன், ஏதோ ஒன்று பொருந்தியதும் ஏன் பொருந்தியது என்று தெரியாமலே அடுத்ததற்குப் போய்விடுவேன்.

கோட்பாட்டை முறையாகக் கற்கலாம் என்று ஒரு தொடர்ப் பாடத்தில் சேர்ந்தேன். அது ஐந்து கோடுகளில் எழுதும் ஸ்டாஃப் நொட்டேஷனில் தொடங்கி, கீ சிக்னேச்சர், ஐந்தாம் ஸ்வர வட்டம் என்று சென்றது. மூன்று வாரங்களுக்குப் பின் பெயர்களை ஒப்பிக்க முடிந்ததே தவிர, நான் செய்துகொண்டிருந்த பாடலில் ஒரு நோட்டைக்கூட அதனால் மாற்ற முடியவில்லை.

இப்போது என் கையில் இருப்பது 96 பிபிஎம் (நிமிடத்துக்கு 96 அடி) வேகத்தில், ஏ மைனரில் உள்ள ஒரு பாடல். ஏ மைனர், எஃப், சி, ஜி என்ற நான்கு கார்டுகளை, ஒரு பாருக்கு (நான்கு அடி கொண்ட அளவுக்கு) ஒன்றாக, மூன்று மூன்று நோட்டுகளாக அடுக்கியிருக்கிறேன். பேஸ் (தாழ்ந்த ஒலிப் பகுதி) வலுவாக இருக்கட்டும் என்று அதே மூன்று நோட்டுகளைக் கீழேயும் வைத்திருக்கிறேன். கேட்டால் கார்டுகள் ஒன்றிலிருந்து ஒன்றுக்குத் தாவுகின்றன, கீழ்ப்பகுதி முழுவதும் குழம்பிக் கிடக்கிறது. ஸ்கேலில் (பாடலுக்கு எடுத்துக்கொண்ட ஸ்வர வரிசையில்) இல்லாத நோட்டுகளை மென்பொருள் மறைத்துவிடுவதால் மெலடியில் தவறான நோட்டு எதுவும் இல்லை, ஆனாலும் அதில் உயிர் இல்லை. எட்டு பார் முடிந்ததும் அடுத்து என்ன செய்வதென்று தெரியாமல் நின்றுவிடுகிறேன்.

எதை முதலில் கற்க வேண்டும், நொட்டேஷன் வாசிக்கத் தெரிவது கட்டாயமா, மென்பொருளின் ஸ்கேல் வசதியை நம்பியிருப்பது தவறா என்பவற்றை அனுபவமுள்ளவர்கள் விளக்கினால் நன்றியுடன் இருப்பேன்.

விசைப்பலகை

நொட்டேஷனை இப்போதைக்கு ஒதுக்கி வையுங்கள். வாத்தியக் கலைஞரிடம் தாளைக் கொடுத்து வாசிக்கச் சொல்லும் நாள் வரும்போது அது வேண்டியிருக்கும், அப்போது கற்கலாம். பியானோ ரோலில் (நோட்டுகளைக் கட்டங்களாகக் காட்டும் மென்பொருள் திரையில்) வேலை செய்பவருக்குப் பியானோ ரோலே எழுத்து. ஐந்தாம் ஸ்வர வட்டமும் காத்திருக்கலாம்.

நீங்கள் முதலில் பழக வேண்டியது எண்ணுவது. பியானோ ரோலில் ஒரு கட்டத்திலிருந்து அதற்கு நேர் மேலே உள்ள கட்டம் ஒரு செமிடோன். அப்படிப் பன்னிரண்டு ஏறினால் அதே பெயருள்ள நோட்டு மேல் ஸ்தாயியில் வந்துவிடும், அதன் அதிர்வெண் சரியாக இரண்டு மடங்காக இருக்கும். 440 ஹெர்ட்ஸ் உள்ள ஏ, பன்னிரண்டு படி மேலே 880 ஹெர்ட்ஸ் ஆகிறது. ஸ்கேல், கார்ட் என்று மேற்கத்திய இசையில் சொல்லப்படுபவை எல்லாம் இந்தப் பன்னிரண்டு படிகளில் எவற்றை எடுக்கிறோம், எவ்வளவு தூரத்தில் எடுக்கிறோம் என்பதைப் பொறுத்தவையே.

மேஜர் ஸ்கேலுக்கு ஏறும் வரிசை 2, 2, 1, 2, 2, 2, 1. இயல்பான மைனருக்கு 2, 1, 2, 2, 1, 2, 2. எந்த நோட்டிலிருந்து வேண்டுமானாலும் இந்த எண்களை வைத்து ஏறிப் பாருங்கள், அந்த ஸ்கேல் கிடைத்துவிடும். மனப்பாடம் செய்ய வேண்டிய பெயர்கள் அநேகமாக இல்லை. கார்டும் அவ்வாறே. அடிநோட்டிலிருந்து (கார்டுக்குப் பெயர் தரும் நோட்டிலிருந்து) 4 படி, பிறகு 3 படி ஏறினால் மேஜர். 3 படி, பிறகு 4 படி என்றால் மைனர். நடுவில் இருக்கும் ஒரே ஒரு நோட்டு ஒரு படி இறங்குவதால் மொத்த உணர்வும் மாறுகிறது. இதை எழுத்தில் படிப்பதோடு நிறுத்தாமல் நடு நோட்டை மேலும் கீழும் நகர்த்தி, கண்ணை மூடிக்கொண்டு எது ஒலிக்கிறது என்று சொல்ல முடியும்வரை கேளுங்கள். ஒரு வாரம் நாள்தோறும் பத்து நிமிடம் செய்தால் காது பிடித்துக்கொள்ளும்.

இனி உங்கள் பாடலுக்கு வருகிறேன். கார்டுகள் தாவுவதற்குக் காரணம், ஒவ்வொன்றையும் அதன் அடிநோட்டு கீழே இருக்குமாறு அடுக்கியிருப்பதுதான். ஒரு கார்டில் எந்த நோட்டு கீழே இருந்தாலும் அது அதே கார்டுதான். கீழ் நோட்டை மாற்றி அடுக்குவதை இன்வர்ஷன் என்பார்கள். உங்கள் நான்கு கார்டுகளையும் கீழிருந்து மேலாக இப்படி வைத்துப் பாருங்கள். ஏ மைனருக்கு ஏ, சி, ஈ. எஃப்புக்கு ஏ, சி, எஃப். சி மேஜருக்கு ஜி, சி, ஈ. ஜி மேஜருக்கு ஜி, பி, டி. முதல் மாற்றத்தில் ஏ, சி இரண்டும் அசையாமல் நிற்க, ஈ மட்டும் ஒரு செமிடோன் ஏறி எஃப் ஆகிறது. இரண்டாம் மாற்றத்தில் சி நிற்க, மற்ற இரண்டும் இறங்குகின்றன. மூன்றாவதில் ஜி நிற்கிறது. எந்த நோட்டும் இரண்டு படிக்கு மேல் நகரவில்லை. மூன்று பாடகர்கள் பக்கத்தில் பக்கத்தில் நின்று பாடுவதாக எண்ணிக்கொள்ளுங்கள். ஒவ்வொருவரும் தனக்கு அருகில் உள்ள நோட்டுக்குத்தான் போவார், தேவையில்லாமல் குதிக்க மாட்டார். கார்டுகளை அடுக்கும்போது நான் இன்றும் ஒவ்வொரு வரிசையையும் தனியாகப் பாடிப் பார்க்கிறேன், பாட முடியாத வரிசை பெரும்பாலும் கேட்கவும் நன்றாக இருப்பதில்லை.

ஸ்கேலை மறைத்துக் காட்டும் வசதியைப் பயன்படுத்துவதில் தவறில்லை. ஆனால் அதற்கு ஓர் எல்லை உண்டு. ஏ மைனரிலும் சி மேஜரிலும் இருப்பவை அதே ஏழு நோட்டுகள். திரையில் இரண்டும் ஒரே மாதிரி தெரியும். எந்த நோட்டில் வந்து நின்றால் வீட்டுக்கு வந்தது போன்ற ஓய்வு கிடைக்கிறது என்பதே இரண்டையும் பிரிக்கிறது, அதைக் காதுதான் சொல்ல வேண்டும்.

கட்டமும் அடியும்

மேலே சொன்னவை அனைத்தும் சரியே. ஆனால் வரிசையில் எனக்கு உடன்பாடில்லை. தொடங்குபவருக்கு முதல் பாடம் தாளமாக இருக்க வேண்டும் என்று உறுதியாக நம்புகிறேன். டிரம்ஸ் அமைக்கத் தெரிந்தவர்கள்கூடத் தாளம் டிரம்ஸோடு முடிந்துவிட்டதாக எண்ணி, கார்டுகளையும் மெலடியையும் தாளம் இல்லாத பொருள்களைப் போல வைத்துவிடுகிறார்கள். புதுத்தாளம் சொல்லும் பாடலிலும் ஒவ்வொரு கார்டும் பாரின் முதல் அடியில் தொடங்கிக் கடைசிவரை நீள்கிறது என்று நினைக்கிறேன்.

நான்கு அடி கொண்ட ஒரு பாரைப் பதினாறு கட்டங்களாகப் பிரித்துக்கொள்ளுங்கள். 1, 5, 9, 13 ஆகியவை அடிகள் விழும் இடங்கள். இரண்டாவது கார்டை அதன் பாரின் முதல் கட்டத்தில் தொடங்காமல், முந்தைய பாரின் 15ஆம் கட்டத்திலேயே தொடங்கிவிடுங்கள். நோட்டு எதையும் மாற்றாமலேயே பாடல் முன்னோக்கிச் சாய்வது தெரியும். அதன்பின் மூன்றாம் பாரில் கார்டைப் பாதியில் நிறுத்தி, சில கட்டங்களை வெறுமையாக விடுங்கள். மெலடிக்கும் இதே சோதனை பொருந்தும். எல்லா நோட்டுகளையும் ஒரே உயரத்துக்குக் கொண்டுவந்து, தாளத்தை மட்டும் கேளுங்கள். அந்த ஒற்றை நோட்டு வடிவத்திலேயே அது நினைவில் நிற்காவிட்டால், உயரத்தை மாற்றுவதால் நிற்கப்போவதில்லை. 'உயிர் இல்லை' என்று அவர் எழுதியிருப்பதற்குக் காரணம் இங்கேதான் இருக்கும் என்பது என் கணிப்பு.

இன்னொரு சிறு கணக்கும் உதவும். 60,000ஐ வேகத்தால் வகுத்தால் ஓர் அடியின் நீளம் மில்லிசெகண்டில் கிடைக்கும். 96 பிபிஎம்முக்கு அது 625. அதில் முக்கால் பங்கான 468.75ஐ டிலேயில் (எதிரொலி தரும் கருவியில்) வைத்தால், எதிரொலி பாடலின் கட்டங்களுக்குள்ளேயே, அதே நேரத்தில் அடிகளுக்கு இடையிலும் விழும்.

தம்பூரா

மெலடியைப் பற்றி மட்டும் சொல்கிறேன். சிறு வயதில் சில ஆண்டுகள் கர்நாடக இசை கற்றுவிட்டுப் பின்னாளில் பியானோ ரோலுக்கு வந்தவள் நான். ச ரி க ம தெரிந்தவர்கள் பலர், கோட்பாடு என்றாலே தமக்குத் தெரியாத வேறு உலகம் என்று தயங்குகிறார்கள். ஸ்வரங்களை அறிந்தவருக்கு இங்கே பாதி வழி திறந்தே இருக்கிறது. மேஜர் ஸ்கேலின் ஸ்வரங்கள் 29ஆவது மேளகர்த்தாவான (தாய் ராகமான) சங்கராபரணத்தின் ஸ்வரங்கள், இயல்பான மைனரின் ஸ்வரங்கள் 20ஆவது மேளகர்த்தாவான நடபைரவியின் ஸ்வரங்கள். சட்ஜத்தை எந்தக் கட்டையில் (சுருதியில்) வைத்தாலும் ராகம் மாறாது என்பதை முதல் வகுப்பிலேயே கற்றவர், ஏ மைனரும் ஜி மைனரும் ஒரே அமைப்பின் இரு உயரங்கள் என்பதை விளக்கம் இல்லாமலே புரிந்துகொள்வார். ராகம் என்பது ஸ்கேலைவிடப் பெரிது. கமகங்களும் (ஸ்வர அசைவுகளும்) பிடிகளும் (ராகத்துக்கே உரிய ஸ்வரக் கோவைகளும்) இல்லாமல் ஸ்வரங்களை மட்டும் அடுக்கினால் ராகம் வந்துவிடாது. இங்கே நாம் எடுத்துக்கொள்வது ஸ்வரத்தானங்களை மட்டும்தான்.

புதுத்தாளம் அவர்களே, மென்பொருள் ஏழு நோட்டுகளைக் காட்டும்போது அவை ஏழும் எந்த நேரத்திலும் சமம் என்ற எண்ணம் வந்துவிடுகிறது. உண்மையில் எந்தக் கார்ட் கீழே ஒலிக்கிறது என்பதைப் பொறுத்து ஒவ்வொரு நோட்டின் எடையும் மாறுகிறது. எஃப் கார்ட் ஒலிக்கும்போது மெலடி ஏ-யில் நின்றால் அமைதி, பி-யில் நின்றால் முடிக்கப்படாத வாக்கியம். பி தவறான நோட்டு ஆகாது. அதற்கு அடுத்து எங்கே போகிறீர்கள் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. அதனால் முதலில், ஒவ்வொரு பாரின் வலுவான அடியிலும் அந்தக் கார்டுக்குள் இருக்கும் நோட்டு ஒன்றை வைத்து நான்கு நோட்டுகளைக் கொண்ட ஓர் எலும்புக்கூட்டை அமையுங்கள். பிறகு அவற்றுக்கு இடையே மற்ற நோட்டுகளால் நடந்து போங்கள். கார்டுக்குள் இல்லாத ஒரு நோட்டை வலுவான அடியில் துணிந்து வைத்து, உடனே பக்கத்துக் கார்ட் நோட்டுக்கு இறக்கிவிட்டால், ஏங்கித் தணிவது போன்ற உணர்வு வரும். அதை ஓரிரு இடங்களில் மட்டும் வைத்திருங்கள்.

கை சுட்டெலியில் இருக்கும்போது மெலடி அமைக்காதீர்கள் என்பது என் வேண்டுகோள். லூப்பை ஓடவிட்டு, வாயால் பாடி, அலைபேசியில் பதிந்து, பிறகு அதை நோட்டுகளாக வையுங்கள். மூச்சு வாங்கும் இடங்கள் தாமாகவே அமைந்துவிடும்.

தாழ்ஒலி

கீழ்ப்பகுதி குழம்புவதற்கு ஈக்வலைசரை (அதிர்வெண் வாரியாக ஒலியைக் கூட்டிக் குறைக்கும் கருவியை) தேடி ஓட வேண்டாம். அது மிக்ஸிங் பிரச்சினை ஆவதற்கு முன்பே நோட்டுகளை அடுக்கிய விதத்தில் உண்டான பிரச்சினை.

55 ஹெர்ட்ஸில் உள்ள ஏ-யையும் அதற்கு மேலுள்ள சி-யையும் ஒன்றாக ஒலிக்கவிட்டால், சி 65.4 ஹெர்ட்ஸில் இருப்பதால் இரண்டுக்கும் இடைவெளி சுமார் 10 ஹெர்ட்ஸ்தான். அவ்வளவு நெருங்கிய இரண்டு தாழ்ந்த ஒலிகளைக் காதால் தெளிவாகப் பிரிக்க இயலாது, உறுமல் போலவே கேட்கும். அதே இரண்டு நோட்டுகளை இரண்டு ஆக்டேவ் (ஸ்தாயி) மேலே வைத்தால் 220க்கும் 261.6க்கும் இடையே 41 ஹெர்ட்ஸுக்கு மேல் இடைவெளி கிடைக்கிறது, இரண்டும் தனித்தனியாகத் தெரிகின்றன. இதோடு இன்னொன்றும் சேர்கிறது. 55 ஹெர்ட்ஸ் நோட்டு தனியாக 55ஐ மட்டும் ஒலிப்பதில்லை. 110, 165, 220, 275 என்று அதன் மடங்குகளும் கூடவே ஒலிக்கின்றன. அந்த 275, சி ஷார்ப்பை (சி-க்கு ஒரு செமிடோன் மேலே உள்ள நோட்டை) ஒட்டியது. நீங்கள் மைனர் கார்டில் வைக்கும் சி அதோடு உரசத்தான் செய்யும். உயரத்தில் இந்த உரசல் மைனரின் நிறமாகவே அமைந்துவிடுகிறது, ஆழத்தில் அது சேறாகிவிடுகிறது.

ஆகவே பேஸில் ஒரு நேரத்தில் ஒரு நோட்டு மட்டும் இருக்கட்டும். தடிமன் வேண்டுமென்றால் அதற்கு ஓர் ஆக்டேவ் மேலே அதே நோட்டைச் சேருங்கள். மூன்று நோட்டுக் கார்டை நடுப்பகுதிக்கு ஏற்றிவிடுங்கள். கார்டை இன்வர்ஷனில் வைத்தாலும் பேஸ் அடிநோட்டையே பிடித்திருந்தால் கார்டின் அடையாளம் கெடாது.

ஒரு எச்சரிக்கை. பேஸ் சாம்பிள் (பதிவுசெய்த ஒலித்துண்டு) பயன்படுத்துகிறீர்கள் என்றால், நீங்கள் வைக்கும் ஏ உண்மையிலேயே ஏ-யாகத்தான் ஒலிக்கிறதா என்று டியூனரில் சரிபாருங்கள். சாம்பிளின் மூல நோட்டு தவறாகக் குறிக்கப்பட்டிருந்தால் திரையில் எல்லாம் சரியாக இருக்கும், காதில் எல்லாம் தவறாக இருக்கும். ஆக்டேவ் எண்களையும் நம்பிவிடாதீர்கள். மிடியின் (நோட்டுகளை எண்களாகக் குறிக்கும் கணினி முறையின்) 60ஆம் எண் நோட்டை ஒரு மென்பொருள் சி3 என்றும் இன்னொன்று சி4 என்றும் காட்டும். நான் தொடக்கத்தில் பாடக் காணொளி ஒன்றைப் பார்த்து அதில் சொன்ன எண்களை அப்படியே வைத்து, என் பேஸ் ஏன் எடுபடவில்லை என்று பல நாள் தவித்திருக்கிறேன். ஓர் ஆக்டேவ் தள்ளி வைத்திருந்தேன், அவ்வளவுதான்.

புதுத்தாளம்

அனைவருக்கும் மனமார்ந்த நன்றி. இரண்டு நாள்களாக இதே வேலையாக இருந்தேன். கீழே இருந்த கார்டுகளை நீக்கி ஒற்றை நோட்டுப் பேஸாக மாற்றியதும் டிரம்ஸ்கூடத் தெளிவாகக் கேட்கத் தொடங்கியது எனக்குப் பெரிய வியப்பு. டியூனரில் பார்த்தபோது பேஸ் சாம்பிள் உண்மையிலேயே ஒரு செமிடோன் குறைவாக இருந்தது. இத்தனை நாளும் கார்டுகள்மீது பழிபோட்டுக்கொண்டிருந்திருக்கிறேன். இன்வர்ஷன்களை வைத்தபின் தாவல் போய்விட்டது. இரண்டாவது கார்டை முன்கூட்டியே தொடங்கும் யோசனையும் அப்படியே பொருந்தியது.

இரண்டு ஐயங்கள் மீதம் உள்ளன. பாடப்போகும் தோழி ஆறு கட்டை தனக்கு உயரம் என்றும் ஐந்து கட்டையாக இருந்தால் வசதி என்றும் சொல்கிறார். எல்லாவற்றையும் தேர்ந்தெடுத்துக் கீழே இறக்கினேன், டிரம்ஸ் முழுவதும் வேறு ஏதோவாக மாறிவிட்டது. மற்றொன்று, எட்டாவது பாருக்குப் பிறகு நின்றுவிடும் பழைய சிக்கல். நான்கு கார்டுகளும் வட்டமாகச் சுற்றிக்கொண்டே இருக்கின்றன, எங்கும் போய்ச் சேரும் உணர்வு வரவில்லை.

விசைப்பலகை

ஆறு கட்டை என்பது ஏ, ஐந்து கட்டை என்பது ஜி. ஆகவே இரண்டு செமிடோன் இறக்க வேண்டும். கார்ட், பேஸ், மெலடி மூன்றையும் மட்டும். டிரம்ஸ் தடத்தில் உள்ள நோட்டுகள் உயரத்தைக் குறிப்பவை அல்ல, எந்தக் கருவி அடிக்க வேண்டும் என்பதைக் குறிப்பவை. பொது மிடி ஒழுங்கில் கிக் 36ஆம் எண்ணிலும் ஸ்னேர் 38ஆம் எண்ணிலும் இருக்கின்றன. இரண்டு இறக்கினால் ஸ்னேர் விழ வேண்டிய இடத்தில் கிக் விழும். உங்களுக்கு நடந்தது அநேகமாக இதுவே. கிக் நீண்டு ஒலிக்கும் வகையாக இருந்தால் அதன் உயரத்தை அந்தக் கருவிக்குள் சென்று தனியாகச் சரிசெய்யுங்கள். கார்டுகள் இப்போது ஜி மைனர், ஈ ஃபிளாட் (ஈ-க்கு ஒரு செமிடோன் கீழே), பி ஃபிளாட், எஃப் என்று வரும்.

இரண்டாவது ஐயத்துக்குப் பழைய பெயர்களிலேயே விடை சொல்கிறேன், பின்னர் இறக்கிக்கொள்ளலாம். உங்கள் வட்டம் ஜி-யிலிருந்து ஏ மைனருக்குத் திரும்புகிறது. ஜி கார்டில் உள்ள எந்த நோட்டும் வீட்டு நோட்டான ஏ-க்கு ஒரு செமிடோன் அருகில் இல்லை, அதனால் அந்தத் திரும்புதல் மென்மையாக நடந்துவிடுகிறது. வட்டம் சுற்ற அது நல்லது, ஒரு பகுதியை முடித்து அடுத்ததைத் திறக்க அது போதாது. எனவே எட்டாவது பாரில் மட்டும் ஜி-க்குப் பதிலாக ஈ மேஜரை வையுங்கள். அதன் நோட்டுகள் ஜி ஷார்ப், பி, ஈ. முந்தைய சி கார்டின் ஜி ஒரு படி ஏறி ஜி ஷார்ப் ஆகும், சி ஒரு படி இறங்கி பி ஆகும், ஈ அப்படியே நிற்கும். அடுத்த பாரில் ஜி ஷார்ப் ஒரு படி ஏறி ஏ-யில் போய் விழும். அந்த ஒரு செமிடோன்தான் 'இதோ வந்துவிட்டோம்' என்று கேட்பவருக்குச் சொல்கிறது. தம்பூரா அவர்களின் மொழியில் சொன்னால், கைசிகி நிஷாதத்தை (இங்கே ஜி) ஒரே ஒரு பாருக்குக் காகலி நிஷாதமாக (ஜி ஷார்ப்) உயர்த்தி, நடபைரவியிலிருந்து கீரவாணியின் ஸ்வரங்களுக்குப் போய்த் திரும்புகிறோம்.

ஜி ஷார்ப்பை உங்கள் மென்பொருள் மறைத்துவைத்திருக்கும். ஸ்கேல் வசதியை அந்தப் பாருக்காவது அணைத்துவிட்டு வையுங்கள். மெலடி அந்த இடத்தில் சாதாரண ஜி-யைப் பாடினால் இரண்டும் மோதும், ஆகவே தோழியை அங்கே ஈ அல்லது பி-யில் நிறுத்தச் சொல்லுங்கள். ஐந்து கட்டைக்கு இறக்கியபின் இந்தக் கார்ட் டி மேஜர், உயர்த்தப்படும் நோட்டு எஃப் ஷார்ப்.

ஒன்பதாவது பாரில் முதல் அடிக்கு மட்டும் எல்லாவற்றையும் ஒலிக்கவிட்டு, அடுத்த நான்கு பாருக்கு டிரம்ஸை எடுத்துவிட்டுப் பேஸும் குரலும் தனியாகப் போவதாக ஒரு முறை அமைத்துப் பாருங்கள். முடிந்தால் அந்தப் பகுதியை இங்கே பதிவிடுங்கள், கேட்டுவிட்டுச் சொல்கிறேன்.